இணைச் செயலாளர் பதவிக்காக வேலையை விடலாமா?

வங்கியில் 16 வருட அனுபவம், வயது 41, மத்திய அரசில் வெளியிலிருந்து நேரடி நியமனம் (லேட்டரல் என்ட்ரி) மூலம் இணைச் செயலாளராக, அதாவது அமைச்சகத்தின் மூத்த அதிகாரியாக, சேர இப்போதைய வேலையை விட்டுவிட்டுத் தயாராகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து விடாதீர்கள். தகுதியில் குறையில்லை, இந்த நியமனத்துக்கான 2018 அறிவிப்பில் கேட்டதே குறைந்தபட்சம் 40 வயதும் 15 வருட அனுபவமும்தான். ஆனால் இந்த வழி எப்போது திறக்கும் என்று சொல்ல முடியாது. 2024 ஆகஸ்டில் யுபிஎஸ்சி (மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம்) 45 இடங்களுக்கு (இயக்குநர், துணைச் செயலாளர் பதவிகளும் சேர்த்து) விளம்பரம் கொடுத்தது. இடஒதுக்கீடு இல்லை என்று எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே அது ரத்தானது. அந்த எதிர்ப்பு நியாயமானது என்பதே என் கருத்து.

அப்புறம், இது நிரந்தர வேலையும் இல்லை. 3 வருட ஒப்பந்தம், அதிகபட்சம் 5 வரை நீட்டிப்பார்கள். வேலையை விட்டுப் படிக்க எழுத்துத் தேர்வும் கிடையாது; விண்ணப்பங்களை அனுபவம் பார்த்துச் சலித்து நேர்காணலுக்குக் கூப்பிடுவார்கள். அதனால் இருக்கும் வேலையிலேயே கொள்கை வகுக்கும் பொறுப்புகளைக் கேட்டு வாங்குங்கள்.