ஸ்மார்ட்வாட்ச் ஆன்டெனா: முதல் ஆய்வறிக்கைக்குப் பதில்

வணக்கம். உலோகச் சட்டத்தில் பிளவு வெட்டிச் செய்த உங்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் ஆன்டெனாவில் ‘இன்வென்டிவ் ஸ்டெப்’ (துறை தெரிந்தவருக்கு எளிதில் தோன்றாத புதுமை) இல்லை என்று, இரண்டு பழைய ஆவணங்களைக் காட்டிச் சென்னை காப்புரிமை அலுவலகம் உங்கள் விண்ணப்பத்தின் மீதான முதல் ஆய்வறிக்கையில் எழுதியிருக்கிறது. சரி, பதறாதீர்கள். முதல் அறிக்கை பெரும்பாலும் இப்படித்தான் வரும்.

பிளவின் நீளத்தை வைத்து வாதாட வேண்டாம். அந்த அதிர்வெண்ணில் கால் அலைநீளம் காற்றில் சுமார் 31 மில்லிமீட்டர். கணக்குப் போடத் தெரிந்த யாரும் அந்த நீளத்துக்கு வந்துவிடுவார்கள். கையில் கட்டியதும் அதிர்வெண் நகராமலிருக்க கிரவுண்ட் புள்ளியை (சட்டம் மின்சுற்றின் கிரவுண்டோடு இணையும் இடத்தை) பிளவின் ஓரத்துக்குத் தள்ளியிருக்கிறீர்களே, உங்கள் பலம் அதுதான். அதை முதல் கிளெய்மிலேயே (எதற்கு உரிமை கேட்கிறீர்கள் என்று வரையறுக்கும் வாசகத்திலேயே) கொண்டுவாருங்கள். அந்த இரண்டு ஆவணங்களிலும் கிரவுண்ட் எங்கே இருக்கிறது, ஏன் அங்கே வைத்தார்கள் என்று படத்தோடு ஒப்பிட்டுக் காட்டுங்கள்.

ஒன்று கவனம்: முதலில் தாக்கல் செய்த விவரக்குறிப்பில் இல்லாத எதையும் இப்போது கிளெய்மில் நுழைக்க முடியாது. காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 59 தடுக்கும். (இதில்தான் நான் ஒருமுறை மாட்டினேன்.)

பதிலுக்கு அறிக்கைத் தேதியிலிருந்து 6 மாதம். அது முடிவதற்குள் கால நீட்டிப்புக் கேட்கும் படிவம் 4 கொடுத்தால் இன்னும் 3 மாதம் வரை கிடைக்கும். பதிலிலேயே நேர்விசாரணையும் கேட்டு வையுங்கள்.