வேலையை விட்டுப் போகிறவருக்குப் பரிந்துரைக் கடிதம்

கேள்வி: காவேரிப்பட்டணத்தை அடுத்து மாங்கூழ் ஆலை நடத்தி வருகிறேன். ஆறு ஆண்டுகளாக எங்களிடம் தரப் பரிசோதனை பார்க்கும் தம்பி ஒருவர், ஓசூரில் பழச்சாறு நிறுவனம் ஒன்றில் அதே வேலைக்கு விண்ணப்பித்துவிட்டு, பரிந்துரைக் கடிதம் கேட்கிறார். ஒவ்வொரு பேட்ச் கூழையும் தானே அளந்து நோட்டில் எழுதி வைப்பவர். ஆனால் கணினியில் கணக்கு ஏற்ற வராது. அதையும் எழுத வேண்டுமா? இதுவரை யாருக்கும் நான் இப்படி எழுதிக் கொடுத்ததில்லை.
— ஆலை உரிமையாளர், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: எந்தத் தேதியில் சேர்ந்தார், என்ன பொறுப்பில் இருந்தார், எப்போது விலகினார் என்பதைச் சொல்வது பணி அனுபவச் சான்றிதழ்; அதைத் தனித் தாளில் கொடுத்துவிடுங்கள். பரிந்துரைக் கடிதத்தில், அவரை வேலை வாங்கியவர் என்ற முறையில் நீங்கள் கண்ணால் கண்டதைச் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் இரண்டையும் கலந்து, 'நன்னடத்தை உடையவர், கடின உழைப்பாளி' என்று முடித்துவிடுகிறோம். படிக்கிறவருக்கு அதில் ஆளே தெரிவதில்லை.

உங்கள் கடிதத்துக்கு அந்த நோட்டே போதும். பெங்களூரா மாம்பழக் கூழுக்கு வாங்குவோர் பொதுவாகக் குறைந்தது 14 பிரிக்ஸ் (கூழின் சர்க்கரைச் செறிவைக் காட்டும் அளவு) கேட்பார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. ஜூன் மாதத்தில் வாசலில் லாரிகள் வரிசை கட்டி நிற்க, ஒரு சொட்டுக் கூழை, பிரிக்ஸ் அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் கருவியின் கண்ணாடியில் விட்டு, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, 'அளவு குறைகிறது, நிறுத்திவிடலாம் ஐயா' என்று உங்களிடமே அவர் சொன்ன நாள் ஒன்றாவது இருந்திருக்கும். எந்த ஆண்டு, எத்தனை டன், நிறுத்தியதால் என்ன நஷ்டம் தப்பியது என்று அந்த நாளை நான்கைந்து வரிகளில் எழுதுங்கள். ஓசூரில் அதைப் படிக்கிறவரும் இதே தொழிலில் இருப்பவர்தான். அவருக்கு உடனே புரியும்.

கேட்டிருக்கும் வேலை தரப் பரிசோதனை என்பதால், கணினி வராது என்பதை நீங்களாக எழுத வேண்டியதில்லை. ஆனால் 'கணினியிலும் தேர்ந்தவர்' என்று எழுதிவிடாதீர்கள். அங்கிருந்து தொலைபேசியில் விசாரித்தால், எழுதியதை நீங்களே மறுக்க நேரிடும். அப்போது பிரிக்ஸ் பற்றிச் சொன்னதையும் நம்பமாட்டார்கள்.

லெட்டர்ஹெட்டில் ஒரே பக்கம், தேதி, கையெழுத்து, முத்திரை, உங்கள் தொலைபேசி எண் இருந்தால் போதும். சம்பளம், சாதி, குடும்பச் சூழ்நிலை எதுவும் வேண்டாம். 'இரண்டு தங்கைகளைக் கரையேற்ற வேண்டியவர்' என்று நல்லெண்ணத்தோடு எழுதப்பட்ட கடிதம் ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். அது வேலைக்குச் சிபாரிசாக இல்லை, உதவித்தொகைக்கு மனுவாக இருந்தது. ஆங்கிலத்தில் கேட்டால், முதலில் தமிழில் எழுதி, தெரிந்தவரைக் கொண்டு மாற்றி, அதை அவர் உங்களுக்குத் தமிழில் திரும்பச் சொன்ன பிறகே கையெழுத்திடுங்கள்.

கடிதத்தை அவரையே எழுதிக்கொண்டு வரச் சொல்லிக் கையெழுத்து மட்டும் போடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. நீங்கள் அப்படிச் செய்யாமல், அவரிடம் அந்த நோட்டை மட்டும் ஒரு நாள் வாங்கித் தேதிகளைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.