வேலைத் திட்டம் போடும் மென்பொருளான எம்எஸ் ப்ராஜெக்டில், மைல்ஸ்டோனுக்கு (திட்டத்தின் முக்கியக் கட்டத்தைக் காட்டும் புள்ளிக்கு) வைரத்துக்குப் பதிலாக நாமே வரைந்த சின்னத்தை வைக்க முடியுமா?

நேரடியாக முடியாது. ஒரு படத்தைக் கொடுத்து, 'இனிமேல் வைரத்துக்குப் பதில் இதைக் காட்டு' என்று சொல்ல அதில் வழி இல்லை. பார் ஸ்டைல்ஸில் (சார்ட்டில் வேலைகளைக் காட்டும் பட்டைகளின் தோற்றத்தை மாற்றும் இடம்) இருக்கும் வடிவங்களுக்குள்தான் பொறுக்கிக்கொள்ள வேண்டும். உங்கள் மேலதிகாரி யாரோ 'எல்லாமே கறுப்பு வைரமா இருக்கு, எது எதுன்னே தெரியல' என்று சொல்லியிருப்பார். எனக்கும் அதைத்தான் சொன்னார்கள்.

அடுத்து உங்கள் கை, சார்ட்டின் மேலேயே படம் வரையும் டிராயிங் பக்கம் போகும். என் கை போனது. இயந்திரம் நிறுவும் வேலை ஒன்றுக்கு, கிரேன் வரும் நாட்களில் கிரேன் படமே தெரியட்டும் என்று ஆசைப்பட்டேன். பாலிகனை எடுத்து மூலை மூலையாக க்ளிக் செய்து ஒரு கம்பம், சாய்ந்த கை, நுனியில் கொக்கி. கொக்கியை மட்டும் நாலு தடவை அழித்து வரைந்தேன். அதை 11 இடங்களில் ஒட்டிப் பிரிண்ட் எடுத்தபோது, சும்மா சொல்லக் கூடாது, பார்க்க நன்றாகவே இருந்தது.

இரண்டு வாரத்தில் அஸ்திவார வேலை 9 நாள் தள்ளிப்போனது. தேதியை மாற்றினேன், நடுவில் மூன்று வரிகளும் சேர்த்தேன். பார்கள் எல்லாம் ஒழுங்காக நகர்ந்தன. கிரேன்கள் நின்ற இடத்திலேயே நின்றன. நான் கவனிக்காமல் அப்படியே கூட்டத்துக்கு எடுத்துப் போய்விட்டேன். 'பெயிண்ட் அடிக்க எதுக்கு சார் கிரேன்?' என்று வாடிக்கையாளர் கேட்டார்.

வரைந்தவை டைம்ஸ்கேலோடு, அதாவது ஒரு தேதியோடும் மேலிருந்து இவ்வளவு தூரம் என்ற அளவோடும், கட்டப்பட்டிருந்தன. 'அதை டாஸ்க்கோடு அட்டாச் செய்திருக்கலாமே' என்று கீழே கமெண்டில் ஒருவர் எழுதுவார், தெரியும். செய்யலாம்தான். ஒவ்வொரு படத்தின் ப்ராப்பர்ட்டிஸிலும் போய் டாஸ்க் எண்ணைக் கொடுக்க வேண்டும். கொடுத்தாலும் அது வெறும் படம்தான். 'கிரேன் வரும் மைல்ஸ்டோன்களை மட்டும் காட்டு' என்று அதை வைத்து ஃபில்டர் போட முடியாது.

நான் இப்போது செய்வது இது. யெஸ், நோ மட்டும் போடக்கூடிய ஃப்ளாக்1 பத்தியைச் சேர்த்து, கிரேன் மைல்ஸ்டோன்களுக்கு மட்டும் யெஸ் போடுகிறேன். பார் ஸ்டைல்ஸில் மைல்ஸ்டோன் வரிக்குக் கீழே புது வரி, ஷோ ஃபார் கட்டத்தில் 'மைல்ஸ்டோன், ஃப்ளாக்1', வடிவத்துக்கு நட்சத்திரமோ முக்கோணமோ, நிறம் சிவப்பு. பழைய வைரம் அடியில் எட்டிப் பார்த்தால் அந்த வரியில் 'மைல்ஸ்டோன், நாட் ஃப்ளாக்1' என்று மாற்றிவிடுங்கள். ஃப்ளாக்20 வரை இருக்கிறது. அவ்வளவு வகை மைல்ஸ்டோன் உங்களிடம் இருந்தால் பிரச்சினை சின்னத்தில் இல்லை.

அந்த வடிவங்கள் போதாது என்றால் டெக்ஸ்ட்1 பத்தியில் (நாமே எழுதிக்கொள்ளும் பத்தி) ஒரு யூனிகோட் குறியை ஒட்டி, பார் ஸ்டைல்ஸின் டெக்ஸ்ட் டேப்பில் ரைட் என்ற இடத்தில் டெக்ஸ்ட்1 கொடுங்கள். பார் நகர்ந்தால் குறியும் கூடவே நகரும். ஒன்று மட்டும்: இந்த ஸ்டைல் நீங்கள் மாற்றிய வியூவில்தான் இருக்கும். அடுத்த ஃபைலிலும் வேண்டுமென்றால் ஆர்கனைசரில் அந்த வியூவை குளோபலுக்கு (எல்லா ஃபைலுக்கும் பொதுவான டெம்ப்ளேட்) காப்பி செய்யுங்கள்.

கேட்டதற்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சின்னம் அழகாக இல்லை என்று என்னிடம் சொன்ன அதே ஆட்கள், வேலை நிஜமாக என்றைக்கு ஆரம்பித்தது என்று கேட்டால் 'போன வாரம் வாக்கில போட்டுக்கோங்க' என்பார்கள். ஆக்சுவல் ஸ்டார்ட்டில் 'போன வாரம் வாக்கில்' என்று போட முடியாது. புதன்கிழமை என்று போட்டேன். அதற்கு மட்டும் இதுவரை யாரும் குறை சொல்லவில்லை.