அமெரிக்க லிபர்டேரியன்கள் எந்தக் கட்சிப் பக்கம்?

கேள்வி: அமெரிக்காவில் லிபர்டேரியன்கள் என்று ஒரு கூட்டம் இருக்கிறதே, அவர்கள் குடியரசுக் கட்சியின் கிளைதானா? இரண்டு பெரிய கட்சிகளோடும் ஒப்பிட்டால் அவர்கள் கொள்கை எங்கே நிற்கிறது?

நான் இருப்பது டெக்சாஸ். எங்கள் பக்கத்து இந்திய மளிகைக் கடையில், அரிசி மூட்டை அடுக்கியிருக்கும் சுவரை ஒட்டி, ஒரு தடுப்புக்குப் பின்னால் இரண்டு நாற்காலி போட்டுப் புருவம் திருத்துவார்கள். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, முறுக்கி இழுத்து, ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். இந்த த்ரெடிங் செய்ய ஒரு காலத்தில் டெக்சாஸ் அரசு 750 மணி நேரப் பயிற்சியும் லைசென்சும் கேட்டது. பயிற்சிக்கான கட்டணம் ஆயிரக்கணக்கான டாலர். அதில் 320 மணி நேரம் வரை த்ரெடிங்குக்குச் சம்பந்தமே இல்லாத பாடங்கள்.

படேல் என்ற கடைக்காரரும் வேறு சிலரும் 2009இல் வழக்குப் போட்டார்கள். 2015இல் மாநில உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்ற கணக்கில் அந்த விதி செல்லாது என்றது. காசு வாங்காமல் வழக்கை நடத்தியது இன்ஸ்டிட்யூட் ஃபார் ஜஸ்டிஸ் என்ற லிபர்டேரியன் சட்ட அமைப்பு.

கொள்கை விளக்கத்தை விட்டுவிட்டு புருவத்தில் ஆரம்பித்ததற்குக் காரணம் இருக்கிறது. டெக்சாஸில் ஆளுநர் பதவி 1995லிருந்து குடியரசுக் கட்சியிடம். சட்டமன்றத்தின் இரண்டு அவைகளும் 2003லிருந்து அவர்களிடம். தொழில் செய்பவனை அரசு தொந்தரவு செய்யக் கூடாது என்று மேடைக்கு மேடை பேசுகிற கட்சி அது. அந்தக் கட்சியின் ஆட்சியில்தான் நூல் பிடிக்க லைசென்ஸ் கேட்டார்கள். ஜனநாயகக் கட்சி ஆளும் மாநிலங்களிலும் லைசென்ஸ் பட்டியல் சின்னதில்லை. இன்றைக்கு அமெரிக்காவில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு வேலை பார்க்க ஏதாவது ஒரு லைசென்ஸ் வேண்டும். 1950களில் இது இருபதில் ஒருவர் அளவில்தான் இருந்தது. இதைப் பற்றிப் பெரிய கட்சிக்காரர்கள் யாரும் தேர்தலில் பேசி நான் கேட்டதில்லை. லிபர்டேரியன்களுக்கோ இதுதான் தினசரிச் சோறு.

அவர்கள் எதைப் பார்த்தாலும் முதலில் கேட்பது, 'இதில் அரசுக்கு என்ன வேலை?' மற்ற இரண்டு கட்சிகளும் அரசுக்கு வேலை உண்டு என்பதை ஒப்புக்கொண்டுவிட்டு, அதை யாருக்காக, யார் மேல் பாய்ச்சுவது என்றுதான் சண்டை போடுகின்றன. நான் புரிந்துகொண்ட வரையில் வித்தியாசம் அங்கே இருக்கிறது.

இன்னும் பிடிபட வேண்டுமென்றால் 2005 ஜூன் மாதத்தைப் பாருங்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த ஒரே மாதத்தில் இரண்டு தீர்ப்பு கொடுத்தது.

ஜூன் 6இல் வந்தது கலிபோர்னியா கஞ்சா வழக்கு. மருத்துவத்துக்குக் கஞ்சா வைத்துக்கொள்ளலாம் என்று அந்த மாநிலத்து மக்கள் 1996லேயே ஓட்டுப் போட்டுச் சட்டமாக்கிவிட்டார்கள். நாள்பட்ட வலிக்காக ஒரு பெண் தன் வீட்டில் ஆறே ஆறு செடி வளர்த்தார். விற்கவில்லை, யாருக்கும் கொடுக்கவில்லை. 2002இல் மத்திய போதைத் தடுப்பு அதிகாரிகள் வந்து ஆறையும் அழித்தார்கள். மாநில உரிமை என்று நரம்பு புடைக்கப் பேசும் குடியரசுக் கட்சியின் புஷ் அரசு, மாநிலச் சட்டத்தைவிட மத்தியச் சட்டமே பெரிது என்று நீதிமன்றத்தில் வாதாடியது. மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் வீட்டுத் தோட்டத்துச் செடிவரை நீளும் என்று 6க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பானது. இடது பக்கம் சாய்ந்த லிபரல் நீதிபதிகள் நால்வரும் அரசின் பக்கம். கூடவே பழமைவாதிகளின் நாயகனான ஸ்காலியாவும்.

ஜூன் 23இல் வந்தது கெலோ வழக்கு. கனெக்டிகட் மாநிலத்தின் நியூ லண்டன் நகரம், வளர்ச்சித் திட்டம் ஒன்றுக்காகச் சிலருடைய வீடுகளைக் கட்டாயமாகக் கையகப்படுத்தியது. பக்கத்தில் ஃபைசர் மருந்து கம்பெனி பெரிய ஆராய்ச்சிக் கூடம் கட்டியிருந்தது. அதை ஒட்டி ஹோட்டல், அலுவலகங்கள் வந்தால் நகரத்துக்கு வரி வரும் என்பது கணக்கு. ரோடு போடவோ பள்ளிக்கூடம் கட்டவோ எடுத்திருந்தால் சரி. ஒருவருடைய வீட்டைப் பிடுங்கி இன்னொரு தனியாருக்குக் கொடுப்பது பொது உபயோகமா? ஆமாம் என்று 5க்கு 4 என்ற கணக்கில் சொன்னார்கள். ஏழைபாழைகளின் காவலர்கள் என்று பெயரெடுத்த லிபரல் நீதிபதிகள் நால்வரும் இங்கேயும் அரசின் பக்கம்தான். அந்தத் தீர்ப்பை அப்போது பாராட்டிப் பேசிய தொழிலதிபர் ஒருவர் உண்டு: டொனால்ட் டிரம்ப். கடைசியில் அந்தத் திட்டம் நடக்கவே இல்லை. 2009இல் ஃபைசரும் ஊரைக் காலி செய்வதாக அறிவித்தது. வீடுகள் இருந்த இடத்தில் வருடக்கணக்கில் புல்தான் முளைத்துக் கிடந்தது. வழக்குப் போட்ட சூசெட் கெலோவின் இளஞ்சிவப்பு வீட்டை மட்டும் பிரித்து எடுத்துப்போய் வேறு தெருவில் நிறுத்தியிருக்கிறார்கள்.

இரண்டு வழக்கிலுமே லிபர்டேரியன்கள் தோற்ற பக்கம். செடி அவள் செடி, வீடு இவள் வீடு, அதற்கு மேல் அரசுக்கு அங்கே ஜோலி இல்லை என்பது அவர்கள் வாதம். இரண்டு பெரிய கட்சிகளில் எந்த ஒன்றின் பாதையில் போனாலும் இந்த இரண்டு முடிவுகளுக்கும் சேர்ந்தாற்போல வர முடியாது.

மற்ற விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வரி, துப்பாக்கி உரிமை, பிள்ளைக்குப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை, சம்பளத்துக்கு அரசு உச்சவரம்போ அடிவரம்போ வைப்பது: இவற்றில் அவர்கள் பேச்சு குடியரசுக் கட்சிப் பேச்சு போலவே இருக்கும். கஞ்சா, ஓரினத் திருமணம், ஒட்டுக்கேட்பு, போலீஸ் அத்துமீறல் என்று வந்தால் ஜனநாயகக் கட்சிக்காரர் பேசுவது போலிருக்கும். இறக்குமதி மேல் போடும் காப்பு வரி, விவசாய மானியம், உலகமெங்கும் ராணுவத் தளங்கள் ஆகியவற்றில் இரண்டு பேரோடும் சேர மாட்டார்கள். இதனால் 'பாதி இது பாதி அது, ஆக நடுவில் நிற்கிறார்கள்' என்று சிலர் எழுதுகிறார்கள். அது தவறு. நடுவில் நிற்பவர் இரண்டு பக்கமும் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார். இவர்களுக்கு அந்தப் பழக்கமே கிடையாது.

நம் ஆட்களுக்கு வரும் இன்னொரு குழப்பம், லிபரலும் லிபர்டேரியனும் ஒன்றா என்பது. இல்லை. அமெரிக்காவில் லிபரல் என்றால் ஜனநாயகக் கட்சிச் சாய்வு.

அரசு சின்னதாக இருக்க வேண்டும் என்று குடியரசுக் கட்சி பேசுவதையும், தனிமனித உரிமை என்று ஜனநாயகக் கட்சி பேசுவதையும் நான் எதிர்க்கட்சிப் பேச்சாகத்தான் எடுத்துக்கொள்கிறேன். 2001இல் தேசப்பற்றுச் சட்டம் என்று கண்காணிப்புச் சட்டம் வந்தபோது செனட்டில் 98 பேர் ஆதரவு, ஒரே ஒருவர் எதிர்ப்பு. அந்த ஒருவர் விஸ்கான்சின் ஜனநாயகக் கட்சிக்காரர் ரஸ் ஃபைன்கோல்ட். கீழவையில் எதிர்த்த குடியரசுக் கட்சியினர் மூன்றே பேர், அதில் ஒருவர் எங்கள் டெக்சாஸ் ரான் பால். பத்து வருடம் கழித்து அதன் முக்கியப் பிரிவுகள் காலாவதியாகும் நேரம் வந்தது. அதிபர் ஒபாமா பிரான்சில் இருந்தார். தாமதம் ஆகக் கூடாது என்று வாஷிங்டனில் ஓர் இயந்திரத்தை வைத்து அவர் கையெழுத்தைப் போட்டு நீட்டித்தார்கள். காப்பு வரியும் இதே கதைதான். 2018இல் டிரம்ப் உருக்குக்கும் அலுமினியத்துக்கும் போட்டார். பைடன் வந்து சீன மின்சாரக் காருக்கு 100 சதவீதம் ஆக்கினார்.

ரான் பால் 1988இல் லிபர்டேரியன் கட்சி சார்பில் அதிபர் தேர்தலில் நின்றவர். பிறகு குடியரசுக் கட்சிக்குத் திரும்பி 2008, 2012 உட்கட்சித் தேர்தல்களில் போட்டியிட்டார். அவர் மகன் ராண்ட் பால், கென்டக்கியின் தாமஸ் மாஸி ஆகியோரும் குடியரசுக் கட்சிக்குள்ளேயே இருந்துகொண்டு சொந்தக் கட்சியைக் குடைகிறார்கள். கிளைக் கட்சியா என்று நீங்கள் கேட்டதற்கு இவர்கள்தான் காரணமாக இருக்கும். ஆனால் லிபர்டேரியன் கட்சி பிறந்ததே ஒரு குடியரசுக் கட்சி அதிபர் மேல் வந்த கோபத்தில். 1971 ஆகஸ்ட் 15 அன்று நிக்சன் டிவியில் தோன்றி விலையையும் சம்பளத்தையும் 90 நாளைக்கு உறைய வைப்பதாகவும், வெளிநாடுகள் டாலரைக் கொடுத்துத் தங்கம் வாங்குவதை நிறுத்துவதாகவும் அறிவித்தார். அந்த டிசம்பரிலேயே கொலராடோவில் டேவிட் நோலனும் நண்பர்களும் தனிக் கட்சி தொடங்கிவிட்டார்கள். இடது வலது என்று ஒரே கோட்டில் அரசியலை அளப்பது போதாது. பொருளாதாரச் சுதந்திரம் ஓர் அளவுகோல், தனிவாழ்க்கைச் சுதந்திரம் இன்னொன்று என்று படம் வரைந்து காட்டியவரும் இந்த நோலன்தான். அவர் வரைந்த படத்தில் மேல் மூலை அவர் கட்சிக்கே. சொந்தமாகப் படம் வரைவதில் அது ஒரு வசதி.

குறையையும் சொல்ல வேண்டும். 1964 குடிமை உரிமைச் சட்டம், ஹோட்டலிலும் உணவகத்திலும் கறுப்பினத்தவரை உள்ளே விடாமல் தடுப்பதைத் தடை செய்தது. 'அரசு அலுவலகத்தில் பாகுபாடு காட்டக் கூடாது, சரி. தனியார் கடையில் யாரை விடுவது என்று கடைக்காரர்தான் முடிவு செய்ய வேண்டும்' என்பது சுத்த லிபர்டேரியன் வாதம். அந்தச் சட்டத்தை எதிர்த்து ஓட்டுப் போட்ட குடியரசுக் கட்சி செனட்டர் பாரி கோல்ட்வாட்டர் கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னார். அவருக்கு இனவெறி இல்லை என்பார்கள், இருக்கட்டும். ஊரில் இருக்கிற அத்தனை கடையும் சேர்ந்து ஒருவருக்குச் சோறு போட மாட்டோம் என்றால், அவருக்கு ஏது சுதந்திரம்? அரசு மட்டும்தான் மனிதனை நசுக்கும் என்று நினைப்பது இவர்களுடைய பெரிய ஓட்டை. நான் அவர்களோடு முழுசாகச் சேராமல் இருப்பதற்கு இது ஒன்றே போதும். த்ரெடிங்குக்கும் சுத்தம் பற்றிச் சில மணி நேர வகுப்பு வைத்திருந்தால் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன்.

அப்புறம், அவர்களுக்குள்ளேயே ஒற்றுமை கிடையாது. கருக்கலைப்பு பெண்ணின் உரிமை என்று ஒரு பாதி, கருவும் உயிர்தானே என்று மறு பாதி. கருக்கலைப்பில் அரசு தலையிடக் கூடாது என்று கட்சித் திட்டத்தில் வெகுகாலம் இருந்த பிரிவை 2022 மாநாட்டில் எடுத்தே விட்டார்கள். 2016 ஆர்லாண்டோ மாநாட்டு விவாதத்தில், கார் ஓட்ட அரசு லைசென்ஸ் வேண்டுமா என்று வேட்பாளர்களைக் கேட்டார்கள். வேண்டும்தான், ஓட்டத் தெரிந்தவர் என்று ஒரு அத்தாட்சி இருக்கட்டுமே என்ற பொருளில் பதில் சொன்னார் கேரி ஜான்சன். சொந்தக் கட்சிக்காரர்களே ஊளையிட்டார்கள். நியூ மெக்சிகோவில் இரண்டு முறை ஆளுநராக இருந்த மனுஷன்! மறுநாள் அவரையே வேட்பாளராகத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது வேறு விஷயம்.

அந்த 2016இல் ஜான்சன் வாங்கிய கிட்டத்தட்ட 45 லட்சம் ஓட்டு, சுமார் 3.3 சதவீதம், கட்சியின் உச்சம். நடுவில் ஒரு டிவி பேட்டியில் சிரியாவின் அலெப்போ பற்றிக் கேட்டபோது 'அலெப்போ என்றால் என்ன' என்று திருப்பிக் கேட்டு மாட்டிக்கொண்டதையும் தாண்டி வந்த ஓட்டு அது. 2024இல் சேஸ் ஆலிவர் அரை சதவீதம்கூடத் தொடவில்லை. முதலில் வந்தவருக்கே எல்லாம் என்ற தேர்தல் முறையில் மூன்றாவது கட்சிக்கு இதுதான் கதி.

ஆனால் கெடுக்க முடியும். 2020 நவம்பரில் ஜார்ஜியா செனட் தேர்தலில் குடியரசுக் கட்சியின் பெர்டியூ 49.7 சதவீதம் வாங்கினார். அங்கே ஜெயிக்கப் பாதிக்கு மேல் வேண்டும். லிபர்டேரியன் வேட்பாளர் வாங்கியது 2.3. மறுதேர்தல் வந்தது, ஜனநாயகக் கட்சியின் ஆசாஃப் ஜெயித்தார், செனட்டே கை மாறியது. இதை நினைவில் வைத்துத்தானோ என்னவோ, 2024 மே மாதம் டிரம்ப் நேரில் லிபர்டேரியன் மாநாட்டுக்கே வந்து ஓட்டுக் கேட்டார். கூச்சல் போட்டார்கள். அப்படியே மூன்று சதவீதம் வாங்கிக்கொண்டு இருங்கள் என்று அவரும் நக்கலடித்தார். ஆனாலும் ஆயுள் சிறையில் இருந்த சில்க் ரோடு என்ற போதைப் பொருள் இணையச் சந்தையை நடத்திய ராஸ் உல்பிரிக்டை வெளியே விடுவதாக அங்கே வாக்குக் கொடுத்தவர், பதவியேற்ற மறுநாளே மன்னிப்பு எழுதிக் கொடுத்தார்.

நீ யாருக்கு ஓட்டுப் போடுகிறாய் என்று பின்னூட்டத்தில் கேட்பீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். அதிபர் தேர்தலில் இரண்டு பெரியவர்களில் ஒருவருக்குத்தான், யாருக்கு என்பது என் வீட்டிலேயே சண்டை. ஆனால் எங்கள் ஊர் ஓட்டுச்சீட்டு நீளமானது. கீழே போகப் போக நீதிபதி, ஆணையர் என்று சில பதவிகளுக்கு ஜனநாயகக் கட்சி ஆளே நிறுத்தாது. குடியரசுக் கட்சிக்காரர், எதிரே ஒரு லிபர்டேரியன், அவ்வளவுதான். அங்கே மட்டும் லிபர்டேரியனைத் தட்டிவிடுவேன். போன முறை அப்படித் தட்டுவதற்கு முந்தைய இரவு, வேட்பாளர் என்ன சொல்கிறார் என்று பார்க்கலாமே என்று தேடினேன். இணையதளம் இல்லை, நோட்டீஸ் இல்லை, ஒரு போட்டோகூட அகப்படவில்லை.