‘ரன்’ என்ற சொல்லுக்கு எத்தனை பொருள்? – கடிதம்

வணக்கம் சார்,

நான் வங்கித் தேர்வுகளுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறேன். பயிற்சி மையத்தில் ஆங்கில இணைச்சொற்களைப் பட்டியலாகக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். ‘ரன்’ என்ற சொல்லுக்கு நேராக ஆபரேட், மேனேஜ், ஃப்ளோ, ஸ்பிரிண்ட் என்று நான்கு சொற்கள் இருக்கின்றன. மாதிரி நேர்முகத் தேர்வில், அம்மா டீக்கடை நடத்துகிறார் என்பதை ‘மை மதர் ஆபரேட்ஸ் எ டீ ஷாப்’ என்று சொன்னேன். அது சரியாக இல்லை என்றார்கள். ஏன் என்று சொல்லவில்லை. பட்டியலில் இரண்டும் ஒன்று என்றுதானே போட்டிருக்கிறது? அகராதியைத் திறந்தால் ‘ரன்’ மட்டும் பக்கம் பக்கமாகப் போகிறது. இதை எப்படிப் படித்து முடிப்பது?

ம.

அன்புள்ள ம.,

படித்து முடிக்க முடியாது. முடிக்க வேண்டிய தேவையும் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதிக்காக இந்த ஒரு சொல்லைத் திருத்தி எழுதிய பீட்டர் கில்லிவர் அதற்கு ஒன்பது மாதம் எடுத்துக்கொண்டார். வினைச்சொல்லாக வரும்போது மட்டும் 645 பொருள்களை அவர் பிரித்துக் காட்டினார். 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் ‘செட்’ என்ற சொல்தான் 430 பொருள்களோடு முதலிடத்தில் இருந்தது. அதை ‘ரன்’ தாண்டிவிட்டது.

இந்த எண்ணைப் பார்த்து மலைக்காதீர்கள். இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்தவர்களும் அந்த 645ஐ எண்ணி வைத்துக்கொண்டு பேசுவதில்லை. வண்டி ஓடுகிறது, மோட்டார் ஓடுகிறது, தியேட்டரில் படம் ஓடுகிறது, கடை ஓடுகிறது, பொழுது ஓடுகிறது, பரீட்சைக்கு முதல் நாள் ஒன்றுமே ஓடவில்லை என்கிறோம். இவற்றை நமக்கு யாரும் வரிசை போட்டுச் சொல்லித்தரவில்லை. கூட வரும் சொல்லைக் கேட்டதும் எந்த ஓட்டம் என்று தெரிந்துவிடுகிறது.

ஆங்கிலத்தில் இது இவ்வளவு பெருகியதற்கு ஒரு காரணம் அதன் பிறப்பிலேயே இருக்கிறது. நமக்கு ஓடு, ஓட்டு என்று இரண்டு வினைகள்: வண்டி ஓடும், ஆள் அதை ஓட்டுவார். பழைய ஆங்கிலத்திலும் தானாக ஓடுவதற்கு ஒன்று, ஓடச் செய்வதற்கு ஒன்று என்று தனித்தனி வினைகள் இருந்தன. காலப்போக்கில் இரண்டும் ஒன்றாகக் கலந்து ‘ரன்’ ஆகிவிட்டன. அதனால்தான் இயந்திரமும் ‘ரன்’ ஆகிறது, இயந்திரத்தை ஒரு மனிதரும் ‘ரன்’ செய்கிறார். பிறகு கடிகாரம், நீராவி எந்திரம், ரயில், கடைசியாகக் கணினி நிரல் என்று புதிதாக வந்த ஒவ்வொன்றையும் இந்தச் சொல்லே ஏற்றுக்கொண்டது.

ஆனால் அதன் வழியும் நம் வழியும் எப்போதும் சேர்ந்தே போவதில்லை. ஜலதோஷம் பிடித்தால் அவர்களுக்கு மூக்கு ‘ரன்’ ஆகிறது, நமக்கு ஒழுகுகிறது. துவைக்கும்போது துணியின் சாயம் அங்கே ‘ரன்’ ஆகிறது, இங்கே இறங்குகிறது. தேர்தலில் அமெரிக்கர் ‘ரன்’ செய்கிறார், பிரிட்டிஷ்காரர் ‘ஸ்டாண்ட்’ செய்கிறார். நம்மூர் வேட்பாளரும் நிற்கத்தான் செய்கிறார். கிரிக்கெட்டில் பந்து பவுண்டரியைத் தொட்டுவிட்டால் மட்டையாளர்கள் ஓட வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் கணக்கில் நான்கு ரன் ஏறும்.

வங்கித் தேர்வு எழுதப் போகிறீர்கள். உங்கள் துறையிலிருந்தே ஒன்றை எடுத்துக்கொள்வோம். ‘ஷி ரன்ஸ் எ பேங்க்’ என்றால் வங்கியை அவர் நிர்வகிக்கிறார். ‘எ ரன் ஆன் தி பேங்க்’ என்றால், வங்கி திவாலாகிவிடும் என்று பயந்து, போட்ட பணத்தை எடுக்க எல்லாரும் ஒரே நேரத்தில் வருகிறார்கள். ஒன்றில் ‘ரன்’ வினை, மற்றதில் பெயர். நடுவே சின்னதாக ஒரு ‘ஆன்’ வருகிறது. நிர்வாகம் பீதியாக மாறிவிடுகிறது. 2007 செப்டம்பரில் பிரிட்டனில் நார்தர்ன் ராக் வங்கிக் கிளைகளின் வாசலில் நடந்தது இதுதான். அன்று அங்கே யாரும் ஓடவில்லை, மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். 2023 மார்ச்சில் அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியிலிருந்து ஒரே நாளில் 4,200 கோடி டாலரை வெளியே எடுக்க வாடிக்கையாளர்கள் முயன்றார்கள். அங்கே பெரும்பாலானவர்களுக்கு வரிசையில் நிற்கும் வேலைகூட இல்லை, பணத்தை இணையத்திலேயே மாற்றினார்கள். அதற்கும் பெயர் ‘ரன்’தான். இந்தச் சொற்றொடரை உங்கள் பட்டியலை வைத்துப் புரிந்துகொள்ள முடியுமா? ஆபரேட், மேனேஜ், ஃப்ளோ, ஸ்பிரிண்ட் நான்கில் எதைப் போட்டாலும் பொருந்தாது.

தொல்காப்பியர் இந்தச் சிக்கலைச் சொல்லதிகாரத்திலேயே எடுத்துக்கொண்டிருக்கிறார். பல பொருள் தரும் ஒரு சொல் எப்படித் தெளிவாகிறது என்பதற்கு,

‘வேறுபடு வினையினும் இனத்தினும் சார்பினும்
தேறத் தோன்றும் பொருள்தெரி நிலையே’

என்கிறார். ‘மா’ என்று மட்டும் சொன்னால் மரமா, விலங்கா என்று தெரியாது. பூத்தது என்றால் மரம், ஓடியது என்றால் விலங்கு. கூட வரும் வினை, கூட நிற்கும் இனம், சொல்லப்படும் சூழல் ஆகிய மூன்றையும் பார் என்கிறது நூற்பா. ஜே. ஆர். ஃபர்த் என்ற பிரிட்டிஷ் மொழியியலாளரும் 1957இல், ஒரு சொல்லை அதன் சேர்க்கையைக் கொண்டுதான் அறிய முடியும் என்று எழுதினார். ஆங்கிலம் படிக்கிறவர்களுக்கு இந்த நூற்பாவைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நான் உண்மையாகவே விரும்புகிறேன்.

இப்போது உங்கள் டீக்கடை. ரன், ஆபரேட், மேனேஜ் மூன்றுக்கும் தமிழில் ‘நடத்து’ என்று எழுதிவிடலாம். அதனால்தான் பட்டியல் போடுகிறவர்களுக்கு அவை ஒன்றாகத் தெரிகின்றன. அவை வந்த இடம் வேறு. ‘ரன்’ ஆங்கிலத்தின் சொந்தச் சொல், வீட்டிலும் தெருவிலும் புழங்குவது. ‘ஆபரேட்’ லத்தீனிலிருந்து எடுத்தது. இயந்திரம், அறுவை சிகிச்சை, விமான சேவை, பேருந்துத் தடம் போன்றவற்றோடு சேர்ந்து பழகியது. ஒரு நிறுவனம் நாற்பது கடைகளை ‘ஆபரேட்’ செய்கிறது என்றால் உறுத்தாது. விடியற்காலையில் எழுந்து பாலைக் காய்ச்சி, வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்தே சர்க்கரை கம்மியா, ஸ்ட்ராங்கா என்று தெரிந்து போட்டுத் தரும் ஒருவரைப் பற்றிப் பேசும்போது அது அறிக்கை வாசிப்பதுபோல் ஒலிக்கிறது. இலக்கணப் பிழை இல்லை, ஆனால் பேச்சில் ஒட்டவில்லை. ‘மேனேஜ்’ இத்தாலியப் பக்கத்திலிருந்து வந்தது. முதலில் குதிரையைப் பழக்குவதைக் குறித்தது. அந்தப் பிடித்து அடக்கும் சாயல் இன்னும் அதில் உண்டு. ‘எப்படியோ மேனேஜ் பண்ணிட்டேன்’ என்று நாம் சொல்வதும் அதே சாயலில்தான். கடைக்கு அதைப் போட்டால் இன்னொரு சந்தேகமும் வரும்: முதலாளி வேறொருவர், உங்கள் அம்மா அங்கே மேலாளராக இருக்கிறார் என்று கேட்பவர் நினைக்கக்கூடும்.

இணைச்சொல் தொகுப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. ரோஜே என்ற மருத்துவர் 1852இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆங்கிலத் தொகுப்பும், நம் திவாகரம் முதலான நிகண்டுகளும் சொற்களைப் பொருள்வாரியாகத் திரட்டி வைத்தவை. ரோஜேயின் தொகுப்பு, மனதில் கருத்து இருந்து சொல் அகப்படாமல் தவிக்கிறவருக்கு உதவுவதற்காகச் செய்யப்பட்டது. சொல்லே புதிதாக இருக்கிறவர் கையில் அதை வெட்டிச் சுருக்கிக் கொடுத்து, இதுவும் அதுவும் ஒன்று என்று சொல்வது அநியாயம். உங்களுக்கு நடந்தது அதுதான்.

ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களுக்கென்றே ஏ. எஸ். ஹார்ன்பி தொகுத்த கற்போர் அகராதியின் புதிய பதிப்பு ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். பழைய புத்தகக் கடையில் கிடைத்தாலும் போதும். அதில் பொருளைவிட எடுத்துக்காட்டு வாக்கியங்களை முதலில் படியுங்கள். ‘ரன் அவுட் ஆஃப் மில்க்’ என்று முழுத் துண்டாகவே நோட்டில் எழுதுங்கள். பக்கத்தில் ‘பால் தீர்ந்துபோச்சு’ என்று எழுதுங்கள். ‘ரன்’ என்று தனியாக எழுதி அதற்குக் கீழே கோடு போட வேண்டாம். தேர்விலும் சொல் ஒரு வாக்கியத்துக்குள் வந்தால், விடைகளைப் பார்ப்பதற்கு முன் அதற்கு இடமும் வலமும் இருக்கும் சொற்களைப் பாருங்கள்.

நேர்முகத் தேர்வில் கேட்டால் ‘மை மதர் ரன்ஸ் எ டீ ஷாப்’ என்று சொல்லுங்கள். வியாபாரம் எப்படி என்று அடுத்த கேள்வி வரலாம். ‘கடை நல்லா ஓடுது’ என்பது மனதில் வந்து, இங்கும் ‘ரன்’ போடத் தோன்றும். போடாதீர்கள். ‘இட்ஸ் டூயிங் வெல்’ என்பார்கள்.

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.