பெட்ரோல் படகு இன்ஜினுக்கு எந்த கார்புரேட்டர்? கேள்வி பதில்

கேள்வி: ஐயா, என்னுடையது 350 கன அங்குல இன்போர்டு (படகுக்குள்ளேயே இருக்கும் இன்ஜின்), 4,800 ஆர்பிஎம் வரை போகும். 750 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு 750 கன அடி காற்று விடும்) கார்புரேட்டர் போட்டால் வேகம் கூடுமா?

பதில்: கூடாது. கணக்கு எளிது: கன அங்குலத்தை அதிகபட்ச ஆர்பிஎம்மால் பெருக்கி 3,456-ஆல் வகுங்கள். 486 சிஎஃப்எம் வரும். இன்ஜின் முழுக் கொள்ளளவுக்கும் காற்றை இழுக்காது. 85 சதவீதம் என்று வைத்தால் 413. 600 சிஎஃப்எம் தாராளம். அளவு மீறினால் வென்சுரியில் (கார்புரேட்டரின் குறுகிய தொண்டை) காற்றின் வேகம் குறையும், ஜெட் என்ற சிறு துளையிலிருந்து பெட்ரோல் சரியாக ஏறாது. த்ராட்டிலைத் திறந்ததும் இன்ஜின் திணறும்.

கேள்வி: அதே இன்ஜின்தானே காரிலும் இருக்கிறது? கார் கார்புரேட்டர் ஒன்று சும்மா கிடக்கிறது, மாட்டலாமா?

பதில்: தயவுசெய்து மாட்டாதீர்கள். உள்ளே பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் ஃப்ளோட்டோ (மிதவை) நீடில் வால்வோ சிக்கிக்கொண்டால் பெட்ரோல் வழியும். காரில் அது கீழே சொட்டிக் காற்றோடு போய்விடும். படகில் போக வழியில்லை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். படகின் அடிப்பள்ளத்தில் தேங்கி நிற்கும், ஒரு பொறி போதும்.

மரைன் (படகுக்கென்றே செய்த) கார்புரேட்டரில் வெண்ட் குழாய்கள் (காற்றுப்போக்கிகள்) அதன் வாய்க்குள்ளேயே திரும்பி வளைந்திருக்கும். வழிகிற பெட்ரோல் இன்ஜினுக்குள் விழும், இன்ஜின் அணையும், அவ்வளவுதான். த்ராட்டில் ஷாஃப்ட்டிலும் (த்ராட்டில் தகட்டைத் திருப்பும் தண்டு) வெளியே கசியாதபடி பள்ளம் வெட்டியிருப்பார்கள். மேலே ஏர் கிளீனருக்குப் பதில், தீ வெளியே வராமல் தடுக்கும் ஃப்ளேம் அரெஸ்டர் இருக்க வேண்டும்.

கேள்வி: 750 நல்லதா, 600 நல்லதா?

பதில்: முதல் கேள்விக்கான பதிலைப் பாருங்கள், 600.

கேள்வி: பயமுறுத்துகிறீர்கள். நான் பல வருஷமாகக் கார் கார்புரேட்டரில்தான் ஓட்டுகிறேன். வெண்ட்டில் ரப்பர் குழாய் மாட்டினால் போதும்.

பதில்: இதுவரை ஃப்ளோட் சிக்கவில்லை என்பதைத்தான் அது காட்டுகிறது. வெண்ட்டைக் குழாயால் சமாளித்தீர்கள் சரி, ஷாஃப்ட் ஓரமாகக் கசிவதற்கு என்ன செய்வீர்கள்? அப்புறம் ஜெட். கார் சமதளத்தில் கால்வாசி த்ராட்டிலில் ஓடும். படகு எந்நேரமும் மேடேறும் லாரிதான், இறக்கமே கிடையாது. காருக்கான ஜெட் அந்தப் பாரத்தில் பெட்ரோலைக் குறைவாக விட்டால் பிஸ்டன் சூடேறி உருகும்.

கேள்வி: (அதே நண்பர்) ஜெட்டை மாற்றிக்கொள்ளலாமே?

பதில்: ஜெட்டை மாற்றலாம், அதில் உங்களோடு சண்டை இல்லை. ஆனால் ஜெட், வெண்ட், ஷாஃப்ட் மூன்றையும் மாற்றுகிறவர் மரைன் கார்புரேட்டரையே செய்துகொண்டிருக்கிறார், அதுவும் சோதனை இல்லாமல். உங்கள் பியூல் பம்ப்பையும் பாருங்கள். மரைன் பம்ப்பில் டயாபிரம் (சவ்வு) இரண்டு. ஒன்று கிழிந்தால் பெட்ரோல் ஒரு சிறு குழாய் வழியாகக் கார்புரேட்டருக்குப் போகும். கார் பம்ப் வெளியே கக்கும். இன்றைக்கே பாருங்கள். இன்ஜினை எழுப்புமுன், அடிப்பள்ளத்து ஆவியை வெளியேற்றும் ப்ளோயரை 4 நிமிடமாவது ஓடவிடுங்கள். இதை எல்லோருக்கும் சொல்கிறேன்.

கேள்வி: டீசல் படகுக்கு எது?

பதில்: டீசலுக்கு கார்புரேட்டரே கிடையாது.

கேள்வி: அவுட்போர்டில் (படகின் பின்புறம் வெளியே மாட்டும் இன்ஜின்) மூன்று கார்புரேட்டர் இருக்கிறது. ஒன்றை மட்டும் மாற்றலாமா?

பதில்: அந்த மாடலுக்கு உரிய அதே பாக எண் என்றால் மாற்றலாம். மாற்றியதும் மூன்றையும் சிங்க் செய்யுங்கள், அதாவது மூன்றும் ஒன்றாகத் திறக்கும்படி சரிசெய்யுங்கள். முதலில் பழையதைக் கழற்றிச் சுத்தம் செய்து பாருங்கள். அடைத்த ஜெட்தான் பல நேரம் குற்றவாளி.

கேள்வி: கார் கார்புரேட்டர் போட்டால்...

பதில்: மேலே இரண்டு தடவை எழுதியிருக்கிறேன். மாட்டாதீர்கள்.

கேள்வி: பழைய கார்புரேட்டர் வாங்கும்போது மரைன்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: மேலிருந்து வாய்க்குள் பாருங்கள். வெண்ட் குழாய் வாய்ப்பக்கம் வளைந்திருக்க வேண்டும். பிறகு முத்திரை எண்ணைத் தயாரிப்பாளர் பட்டியலோடு ஒப்பிடுங்கள். விற்பவர் சொல்வதை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.