பரணில் கிடக்கும் பெயின்ட் டப்பா: அடிக்கலாமா, தூக்கிப் போடலாமா?

போன பொங்கலுக்கு அடித்தது போக 3 லிட்டர் எமல்ஷன் (தண்ணீர் ரக சுவர் பெயின்ட்) பக்கெட்டில் இருக்கிறது. மூடியைத் திறந்தால் ஒரு மாதிரி வாடை. அடிக்கலாமா?

லேசான அமோனியா நெடி என்றால் பயமில்லை. அழுகிய முட்டை, புளித்த மாவு மாதிரி நாறினால் உள்ளே பாக்டீரியா புகுந்துவிட்டது. அதைச் சுவரில் அடித்தால் காய்ந்த பிறகும் மழை நாளில் அறை நாறும்; வாசனைப் பொடி, டெட்டால் எதுவும் காப்பாற்றாது. பெயின்டரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: மிச்சத்தில் தண்ணீர் கலந்திருந்ததா? பெயின்டிலேயே கிருமித் தடுப்பு மருந்து கலந்திருக்கிறது. தண்ணீர் ஊற்றினால் அது நீர்த்துவிடும். தண்ணீர் கலந்த பெயின்டும் ப்ரைமரும் (பெயின்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) சில நாளிலேயே கெடத் தொடங்குவது அதனால்தான்.

வாடை இல்லையா? தட்டைக் குச்சியால் அடி வரை ஐந்து நிமிடம் கலக்கி, அட்டையில் ஒரு இழுப்பு இழுத்துக் காயவிடுங்கள். தயிர் திரிந்தாற்போல் கட்டி கட்டியாக நின்றால் போடவேண்டியதுதான். வெறும் தூசி, துணுக்கு என்றால் பழைய நைலான் துணியில் வடிகட்டினால் போதும்.

மூன்று நிறத்தில் அரை அரை லிட்டர் மிச்சம். ஒன்றாகக் கலக்கலாமா?

மூன்றும் தண்ணீர் ரகமாக இருந்தால் கலக்கலாம். எண்ணெய் ரகமான எனாமலையும் எமல்ஷனையும் மட்டும் சேர்க்காதீர்கள், திரிந்துவிடும். மூன்றையும் ஒரே பக்கெட்டில் மொத்தமாகக் கலந்த பிறகுதான் அடிக்க ஆரம்பிக்க வேண்டும். பாதியில் போதவில்லை என்று மறுபடி கலந்தால் அதே நிறம் வரவே வராது. இரண்டு கோட்டிங்குக்கு லிட்டருக்குச் சுமார் 60 சதுர அடி என்று கணக்கு வைத்தால், ஒன்றரை லிட்டர் 90 சதுர அடி வரும். ஸ்டோர் ரூமின் ஒரு சுவருக்குச் சரி. உட்புற எமல்ஷன் கலந்திருந்தால் மழை படும் காம்பவுண்டுக்கு வேண்டாம், ஒரே மழைக்காலத்தில் பாசி பிடித்து உரியும்.

ரெட் ஆக்சைடு ப்ரைமர் (இரும்புக்கு அடிக்கும் எண்ணெய் ரக அடிப்பூச்சு) டப்பாவின் அடியில் கல்லாக இறுகிவிட்டது. ஜன்னல் கம்பிக்கு அடிக்கத் தேறுமா?

பெரும்பாலும் தேறும். மேலே ஆடை கட்டியிருந்தால் அதைக் கலக்கிவிடாமல், கத்தியால் ஓரம் வெட்டி முழுசாகத் தூக்கி எறியுங்கள். மேலே நிற்கும் எண்ணெயை வேறு டப்பாவில் ஊற்றி வையுங்கள். அடியில் இறுகியதைக் குச்சியால் நசுக்கிக் களியாக்கி, அந்த எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப ஊற்றிக் கலக்குங்கள். எடுத்த எடுப்பில் டர்பன்டைன் ஊற்றுவதுதான் வழக்கமான தப்பு: நிறமி அடியிலேயே நிற்க, மேலே வெறும் எண்ணெயைத்தான் பூசுவீர்கள். கடைசியில் தேவைப்பட்டால் டர்பன்டைன் 5 முதல் 10 சதவீதம் போதும்.

கம்பியை 80 நம்பர் எமரித் தாளால் தேய்த்து, ஒரு கோட்டிங் அடித்து, ஒரு ராத்திரி காயவிட்டு, மேலே எனாமல் இரண்டு கோட்டிங். ரெட் ஆக்சைடை மட்டும் அடித்துவிட்டு விட்டால் வெயிலில் பொடிந்து துரு திரும்ப வரும். சுவர் ப்ரைமர் மிச்சமிருக்கிறதே என்று கம்பிக்கு அடிக்காதீர்கள். அதிலுள்ள தண்ணீராலேயே காய்வதற்குள் துருப்புள்ளி எழும். எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டிப் போடவும் கூடாது, தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள்.

2012-ல் வாங்கிய மஞ்சள் எனாமல். குழந்தையின் தொட்டிலுக்கு?

வேண்டவே வேண்டாம். வீட்டு பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் கூடாது என்ற விதி இந்தியாவில் 2016-ல் வந்து, 2017 நவம்பரில்தான் அமலானது. அதற்கு முந்தைய மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எனாமல்களில்தான் ஈய நிறமி அதிகம்.

சுவரில் ஆணி ஓட்டையைப் பட்டி வைத்து அடைத்து, அதே டப்பா பெயின்டைத் தொட்டு வைத்தேன். தேமல் மாதிரி தனியாகத் தெரிகிறது.

டப்பா நிறம் மாறவில்லை, சுவர் வெளுத்திருக்கிறது. பட்டி ஈரத்தை உறிஞ்சுவதால் அங்கே மினுமினுப்பும் குறையும். பட்டிமேல் ஒரு தொடு ப்ரைமர் வைத்து, பிறகு மூலைக்கு மூலை அந்தச் சுவரை முழுசாக அடியுங்கள். அதற்கு மிச்சம் போதாதென்றால், அங்கே ஒரு காலண்டரை மாட்டுவதே மேல்.

கெட்டதைச் சாக்கடையில் ஊற்றலாமா?

கூடாது. எமல்ஷன் என்றால் மணலோ மரத்தூளோ கொட்டிக் கெட்டியாக்கிக் காயவிட்டுக் குப்பையில் போடலாம். எனாமல், தின்னர் டப்பாக்களைத் தூய்மைப் பணியாளரிடம் அபாயக் குப்பை என்று சொல்லித் தனியாகக் கொடுங்கள்.